நிலாவில் பாடிய நால்வர்

ஃபிரேமில் திருகாணியை முடுக்கிக்கொண்டே தணிந்த குரலில் பாடுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். எப்போதும் ஒரு புகழ்பெற்ற நால்வர் இசைக்குழுவின் பாட்டுதான். பாட்டு முடிந்தால்தான் மூக்குக்கண்ணாடி என் கைக்கு வரும். அவசரப்படுத்தினால், "இருங்க சார், கண்ணாடி இல்லாம நீங்க எங்க போயிடப் போறீங்க?" என்பார்.

மேசை இழுப்பறையில், லென்ஸ் உறைகளுக்கு அடியில், பத்து வயதில் அவர் தொடங்கிய நீல நோட்டு இருக்கிறது. அன்று முதல் இன்றுவரை டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளித் தொடரில் அந்த நால்வர் தலைகாட்டிய இடமெல்லாம் அதில் ஏறியிருக்கும். விண்கலத்துச் சுவரில் போஸ்டர். செவ்வாய்க் கிரகத்து ரேடியோவில் ஏழு வினாடிப் பாட்டு. "ஒரு ரோபோ இவங்க பாட்டை முணுமுணுத்துச்சு சார். சுருதியே சேரலை. பாவம்னு சேர்த்துக்கிட்டேன்." 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் வரிக்கு வரி 'நான்'. வேலையற்ற வேலை என்று நினைத்த என்னையும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

பதினேழாவது பதிவுதான் அவருக்கு உயிர். நால்வரும் நரைத்த தலையோடு நிலாவில் மேடை போட்டுப் பாடுகிறார்கள். நிஜத்தில் இளமையிலேயே முறைத்துக்கொண்டு பிரிந்த குழு அது. "பிரிஞ்சவங்க ஒண்ணா கிழவனாகிப் பாடினது அங்க மட்டுந்தான் சார்." அந்தப் பகுதியின் டேப் டிவிக்காரர்களிடமே தொலைந்துபோயிருந்தது. அவர் சொன்னதுதான் சாட்சி.

போன வாரம் டேப் கிடைத்து, மறுபடி ஒளிபரப்பினார்கள். கடையிலேயே இருவரும் பார்த்தோம். நிலா வந்தது. மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது.

"நீ எங்கடா பார்த்தே? அன்னைக்கு உனக்கு நல்ல காய்ச்சல். டிவி பார்க்க முடியலைன்னு ஒரே அழுகை. நான்தான் பார்த்துட்டு வந்து கதை சொன்னேன். நீ தூங்கணுமேன்னு அந்த நாலு பேரையும் நிலாவுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"நான் பார்த்தேன்க்கா."

"பார்த்தே. கண்ணை மூடிக்கிட்டு."

போனை வைத்தார். பிறகு நோட்டைப் பிரித்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஐம்பது வருஷச் சந்தோஷத்தை அடித்துவிடப் போகிறாரே என்று பயந்தேன்.

பதினேழாவது வரியில் 'நான்' என்பதை மட்டும் அடித்தார். பக்கத்தில் 'அக்கா' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.