வட்டமாகத் துடைத்த தட்டு

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அப்பா எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வார்த்தை ஒன்று உண்டு: "பைய." கதவை அடித்துச் சாத்தினால் "பைய லே." சோற்றை அள்ளி விழுங்கினால் "பைய லே." சைக்கிளை வாசலில் இறக்கும்போதே "ஏலே, பைய போ." அவர் கணக்கு வாத்தியார். பதறாத காரியம் சிதறாது என்பதைப் பாடப் புத்தகத்தில் இல்லாமலேயே முப்பது வருஷம் நடத்தியவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. மதுரையில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், பேச்சு போய்விடும் என்றார். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் எனக்கு ஒரே நினைப்புதான், அப்பாவின் குரலை எதிலாவது பிடித்து வைத்துவிட வேண்டும்.

"நம்ம டேப்புலயே பிடிச்சிருவோமே எய்யா" என்றாள் அம்மா.

நான் அப்போது ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். லேசரைப் பற்றி நாலு வரி படித்தவன். அரைப் படிப்புக்குத் திமிர் அதிகம். "டேப்புல ஹெட்டு உரசும்மா. உரச உரசத் தேயும். பூஞ்சை பிடிக்கும், சிக்கிக்கிடும். சிடியில எதுவும் உரசாது. வெளிச்சம் மட்டுந்தான் படும். நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் அப்படியே இருக்கும்" என்றேன். பேரப்பிள்ளை என்றதும் அம்மா தலையாட்டிவிட்டாள்.

ஜங்ஷன் பக்கம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. சிடி எழுதும் மெஷின் அப்போதுதான் அங்கே வந்திருந்தது. அப்பாவை மைக் முன்னால் உட்கார வைத்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏதாவது பேசுங்கப்பா."

"என்னத்தலே பேச? எதுக்க ஆளில்லாம பேசுததுக்கு நான் என்ன கோட்டியா?"

கடைசியில் மேஜைமேல் கிடந்த தினசரியை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். பாபநாசம் அணையின் நீர்மட்டம், திருச்செந்தூருக்கு விடும் சிறப்புப் பேருந்து, ஸ்ரீவைகுண்டம் பக்கம் காற்றில் சாய்ந்த வாழை. இருபது நிமிஷம், சொல்வதை எழுதுதல் நடத்துகிற குரலில். முடித்துப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சென்டர்க்காரர் பதிவை நிறுத்த மறந்திருந்தார். வெளியே சாரல். அப்பா அம்மாவைப் பார்த்து, "ஏளா, குடை எடுத்தியா? படி நனைஞ்சு கெடக்கு. பைய வா" என்றார். சிடியில் கடைசியாக இருப்பது அதுதான்.

"இன்னொண்ணும் போட்டு வச்சுக்கிடுதேளா சார்?" என்று சென்டர்க்காரர் கேட்டார். "எதுக்கு? இதுதான் தேயாதே" என்றேன். அடுத்த மாதம் அவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அப்பாவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது எங்கள் வீட்டுச் சிடித் தட்டு ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து அப்பா வந்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் மெல்லிய துணி. கையில் ஒரு சிலேட்டு. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளரை நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் இங்கே வா.

தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் அம்மா சிடியைப் போடுவாள். பிளேயர் வளைகுடா சரக்குக் கடையில் வாங்கியது. முதலிலிருந்து அணை நீர்மட்டம், வாழை எல்லாம் ஓடும். "இதெல்லாம் எதுக்கும்மா, பட்டனை அமுக்கினா நேரே கடைசிக்குப் போயிரும்லா" என்றேன் ஒருநாள்.

"இருக்கட்டும். அவ்வோ வாசிச்சு முடிக்கட்டும்" என்றாள்.

வாசித்து முடித்து, 'பைய வா' கேட்ட பிறகுதான் பாத்திரம் துலக்கப் போவாள். அப்பா அந்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். தன் குரலை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆனால் அந்த மெஷின்மேல் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஒரு காலையில் சிலேட்டில், "கிராமபோன் மாதிரி ஊசி இல்லாமல் தட்டிலுள்ள கோட்டை எப்படிப் பிடிக்கிறது?" என்று எழுதிக் காட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கே பாடம். சிலேட்டை வாங்கி வரைந்தேன். தட்டில் ஒரே கோடு, நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே போகிறது, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. லேசரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நடுக்கதிர் கோட்டைப் படிக்கும். மற்ற இரண்டும் கோட்டின் இரண்டு ஓரத்திலும் லேசாகப் படும். ஒரு பக்கத்து வெளிச்சம் கூடி மறுபக்கம் குறைந்தால், நடுக்கதிர் விலகுகிறது என்று அர்த்தம். உடனே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து லென்சை மறுபக்கம் தள்ளும். வரப்பில் நடக்கிறவன் இரண்டு பக்கமும் கண் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

அப்பா எழுதினார்: "தட்டு ஆடினால்?"

"எல்லாத் தட்டும் ஆடத்தான் செய்யும்பா. லென்சு மெல்லிய கம்பியில தொங்குது. தட்டு எங்கன போனாலும் அதுவும் கூடவே ஆடும்."

"கீறல் விழுந்தால்?"

"சின்னக் கீறல்னா விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு அதுவே நிரப்பிக்கிடும்."

அவர் கொஞ்ச நேரம் என் படத்தைப் பார்த்தார். பிறகு அதன் கீழே, "கோட்டின் திசையிலேயே விழுந்தால்?" என்று எழுதினார்.

"அதெல்லாம் விழாதுப்பா. காலேஜுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டேன். நேரம் ஆகவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் படிக்கிற புத்தகம், பேனா, அப்பாவின் பழைய காம்பஸ் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்போம். அன்றைக்கு முழுவதும் எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கும்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். காலையில் அடுக்கைப் பிரித்தேன். புத்தகங்களுக்கு மேலே அந்தச் சிடி, மல்லாக்க. மினுங்குகிற பக்கத்தில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ராத்திரி முழுக்கக் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.

"அம்மா, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? இதுல போயி பொட்டு வைப்பாங்களா?"

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "அந்தப் பக்கம் அப்பா பேரு எழுதியிருக்குதேன்னு இந்த வெறும் பக்கத்துல வச்சேன்யா. எழுத்து மறைஞ்சிரக் கூடாதுல்லா."

"இதுவா வெறும் பக்கம்? குரல் பூரா இங்கனதான இருக்கு."

ஈரத்துணியால் ஒற்றினேன். பொட்டு வந்துவிட்டது, மஞ்சளாக ஒரு கறை நின்றது. எனக்குக் கை பரபரத்தது. எதிரே திருநீறு வைக்கும் மரக்கிண்ணம், மரவை இருந்தது. வெள்ளிச் சாமானை எங்கள் வீட்டில் திருநீறு போட்டுத்தான் துலக்குவோம். குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம் எல்லாம் அதில்தான் கண்ணாடியாய் மின்னும். ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டு, வேட்டி நுனியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். வாய் அம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தது.

பின்னால் அப்பா டம்ளரைத் தட்டினார். ஒன்று, இரண்டு. பிறகு நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்பா கூப்பிடுதாவ, என்னன்னு கேளேன்" என்றாள் அம்மா.

"வாரேம்ப்பா. சும்மா தட்டாதீங்க" என்றேன், திரும்பாமலே. அவர் மடியில் சிலேட்டு இருந்ததா, அதில் எதுவும் எழுதியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கறை போய்த் தட்டு பளபளவென்று ஆன பிறகுதான் திரும்பினேன். அதற்குள் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

அன்றைக்கு மதியம் அம்மா சிடியைப் போட்டாள். அணை வந்தது, சிறப்புப் பேருந்து வந்தது, வாழை வந்தது. "ஏளா, குடை எடு" என்றது. எடு, எடு, எடு. கொஞ்சம் கரகரத்துவிட்டுப் பழையபடி எடு, எடு. எவ்வளவு நேரம் விட்டாலும் அதற்கு மேலே போகவில்லை. வாசலில் நின்ற அப்பா திரும்பி உள்ளே பார்த்தார். அம்மா பிளேயரை நிறுத்தத் தோன்றாமல் என்னைப் பார்த்தாள்.

ஒரு வாரம் அவளை வறுத்தெடுத்தேன். சோறு போட வந்தால் பொட்டு, காபி கொண்டுவந்தால் பொட்டு. "சாமி சாமின்னு குரலையே கொன்னுட்டே" என்றுகூடச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். மதியத்தில் பிளேயரைத் துணி போட்டு மூடி வைத்தாள்.

மேலப்பாளையத்தில் ஒரு பாய் சிடி பிளேயர் பழுது பார்ப்பதாகச் சொன்னார்கள். துபாயில் இதே வேலை செய்து திரும்பியவர், என் வயதுதான் இருக்கும். பிளேயரையும் சிடியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நானும் வாரேன் என்று அம்மா கூடவே வந்தாள்.

பாய் முதலில் பிளேயரைத் திறந்து வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தார். லென்சு மேலும் கீழும் அசைந்து, கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பாடியது. "மெஷின்ல ஒண்ணுமில்ல சார்" என்றார். எங்கள் தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பதிவான வளையத்தின் வெளி ஓரத்தில், கடைசி வார்த்தைகள் இருக்கிற இடத்தில், வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

"பொட்டு வச்சுட்டாங்க பாய், அதான்" என்றேன்.

"பொட்டு ஒண்ணும் செய்யாது சார். பைய ஊற வச்சா வந்துரும். அதுனால கெடல." கீறலை நகத்தால் காட்டினார். "குறுக்க விழுந்த கீறல்னா லேசரு ஒரே தாண்டுல தாண்டிரும். விட்டது கொஞ்சந்தான், நிரப்பிக்கிடும். இது கோட்டோடயே சுத்தி விழுந்திருக்கு. ரொம்பத் தூரத்துக்கு மறைக்குது. ஓரத்து வெளிச்சத்துக்குக் கோடு எது, கீறலு எதுன்னு தெரியல. கீறலைப் பிடிச்சுக்கிட்டுப் போயி, பழைய சுத்துலயே விழுந்துருது. நடுவுலேருந்து வெளிய பாத்துத்தான் துடைக்கணும் சார். இப்படிச் சுத்திச் சுத்தித் தேய்க்கக் கூடாது."

கோட்டின் திசையிலேயே விழுந்தால்? அப்பா கேட்டது இதைத்தான்.

"யாரு தேய்ச்சது?" என்றார் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "நாந்தான் தம்பி. விவரம் தெரியாம தேய்ச்சுட்டேன்."

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இல்லை பாய், நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சார் என்று கூப்பிட்டவர் முன்னால் சாராகவே நின்றேன்.

பாய் பற்பசையை விரலில் எடுத்து, நடுவிலிருந்து வெளியே பார்த்துத் தேய்த்தார். கழுவித் துடைத்துப் போட்டார். அணை, பேருந்து, வாழை. அம்மா கடை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏளா, குடை எடுத்தியா?" என்றது. தாண்டிவிட்டது. "படி நனை" என்றது, அதோடு கரகரப்பு, பிறகு தட்டு நின்றுவிட்டது. இரண்டாவது தடவை தேய்த்தும் அவ்வளவுதான்.

"இனிமே தேய்ச்சா இருக்கதும் போயிரும் சார்" என்று தட்டை உறையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கொக்கிரகுளம் பாலம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றேன்.

"பின்னே? காலேஜுல வேலை பாக்குத பிள்ளை. மூணாம் மனுசன் முன்னால உன்னைய எப்படி விட்டுக்குடுப்பேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். தேய்த்தது நான்தான் என்று அம்மா கேட்கும்படி சொன்னேன். அவளைத் திட்டியதெல்லாம் தப்பு என்றும் சொன்னேன். அப்பாவுக்கு இதில் எதுவும் புதிதில்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

"அன்னைக்கு எதுக்குப்பா தட்டுனீங்க?" என்றேன். "கோட்டுத் திசையில தேய்க்கேன்னு சொல்லத்தானா?"

அவர் சிலேட்டை எடுத்தார். நீளமாக ஏதோ எழுதப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டே எழுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

"பைய."

அம்மா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தட்டிலிருந்து போன வார்த்தை அது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.