மலைக்கு அந்தப் பக்கத்துச் சூரியன்

என் மனைவி வரைந்த ஒரே படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய வாட்டர் கலர் பெட்டியில் மிச்சமிருந்த வண்ணங்களை வைத்து, சார்ட் பேப்பரில் வரைந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய பிறகு, உட்கார முடிகிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தாள். நான் சங்கராபுரத்தில் உரக்கடை வேலையை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து வரும்போது, மடியில் தலையணையும் அதன் மேல் அட்டையுமாக இருப்பாள். என்ன வரைகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வராது. அவளும் சொன்னதில்லை.

படத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். ஒரு வைக்கோல் போர். வெறும் தரையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டியபடி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மேலேயும் இரண்டு ஓரங்களிலும் பழுப்பு நிறத்தில் பட்டையாகக் கோடு. அவ்வளவுதான்.

அவள் போன பிறகு மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் இதையும் மாட்டினேன். காலேஜுக்குப் போகிற என் மகள் பல நாள் அதன் முன்னால் நின்று பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ இத நல்லா பாத்தியா?"

"பாத்துக்கினுதான இருக்கேன்."

"இன்னா பாத்த? சூரியன் முழுவுது. கைய தூக்கிக்கினு நிக்குதே, அது அம்மா. போறேன்னு சொல்லுது. மூஞ்சக்கூட நம்ம பக்கம் திருப்பல. இங்க பாரு, போர் மேல ஒரு சொட்டு செவப்பு. ரத்தம். செத்தவங்க போட்டோவுக்கு போடற மாரி பிரேமும் அதுவே போட்டு வெச்சிருக்கு."

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குக் கல்வராயன் மலை என்றால் மேற்கு. மலையில் சூரியன் இருந்தால் பொழுது போகிறது என்று அர்த்தம். அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

"எங்கிட்ட நல்லாயிடும் பாப்பா, நல்லாயிடும்னு தெனம் சொல்லிச்சி. சொல்லிக்கினே இத வரைஞ்சிருக்கு. என்ன ஏமாத்தியிருக்குப்பா."

அழாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

வருஷத் திதிக்கு என் மனைவியின் தம்பி வந்திருந்தான். அவர்கள் ஊர் ஆத்தூர் பக்கம், மலைக்கு அந்தண்டை. படையல் முடிந்து சாப்பிட்டதும், படுக்கப் பாய் தேடி பீரோவுக்குப் பின்னால் கையை விட்டவன் படத்தை இழுத்தான்.

"யார் மாமா வரைஞ்சது?"

"உங்க அக்காதான்."

"அட! ரெக்கார்டு நோட்டுல தவளை வரையச் சொன்னா பெருச்சாளிய வரைஞ்சு வச்சிருக்கும். அதுவா இது?" சிரித்தபடி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். அப்புறம் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, இது எங்க வீடு."

"வூடு எங்க மாமா இருக்குது அதுல?" என்றாள் மகள்.

"வீட்டுக்குள்ள உக்காந்துதானே பாக்குறோம், அப்புறம் வீடு எப்படித் தெரியும்? இந்தப் பட்டை இருக்குதே, இது வாசல் நிலை. காலைல எந்திரிச்சதும் நானும் அக்காவும் பாயிலயே உக்காந்து வெளிய பாத்துக்கிட்டிருப்போம். அப்படியே இருக்குது."

"காலைலயா? மலையில சூரியன் இருக்குது, அது எப்டி காலையாவும்?"

"உங்க ஊர்ல ஆவாது. எங்க ஊர்ல மலை கெழக்க இருக்குது, பாப்பா. தெனம் அதுலருந்துதான் விடியும்."

மகள் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். போர் மேல் இருந்த சிவப்புச் சொட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"சேவலு. கொண்டைய மட்டும் வச்சிட்டு விட்டுடுச்சு. உடம்பு வரையத் தெரிஞ்சிருக்காது. வரைஞ்சிருந்தா அதுவும் பெருச்சாளியாத்தான் இருந்திருக்கும்."

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"அப்ப கைய தூக்கிக்கினு நிக்கறது அம்மா இல்லியா?"

"எங்கம்மா. வாசல் தெளிக்குது. எந்தக் கை மேல இருக்குதுன்னு பாரு. எடது கை. எங்கம்மாவுக்கு எல்லாம் எடது கைதான். பீச்சாங்கையில வாசல் தெளிக்கிறாளேன்னு பக்கத்து வீட்டுல வையும். அது பாட்டுக்குத் தெளிக்கும்."

தூக்கிய கைக்குக் கீழே புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறம் இருந்தது. வண்ணம் சிந்திவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அது சாணித் தண்ணீர்.

"அப்ப அம்மா போறத வரையல" என்றாள் மகள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "விடியறதத்தான் வரைஞ்சிருக்கு. நல்லாயிடும்னு நெனச்சிக்கினுதான் வரைஞ்சிருக்கு. இல்லப்பா?"

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் பாயை விரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அவர்கள் அம்மா, என் மனைவி பத்தாவது படிக்கும்போதே இறந்துபோனவர். நான் அவரைப் பார்த்ததில்லை. சாகக் கிடக்கிறவர்கள் கண்ணுக்கு, முன்பே இறந்துபோனவர்கள் தெரிந்தால், கூப்பிட வந்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வாசலை விட்டுவிட்டு, அந்த வாசலை அவள் ஏன் பார்த்தாள்? முதுகு காட்டி நிற்கிற அம்மா திரும்பட்டும் என்று காத்திருந்தாளா? மகள் முதலில் சொன்னதும் தப்பில்லையோ என்னவோ. பொழுது எதுவென்பதைத்தான் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

இதை நான் சொல்லவில்லை. மச்சினனும் சொல்லவில்லை.

"ஆமா பாப்பா" என்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். துப்பட்டா முனையால் தூசியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே படத்தை மாட்டினாள்.

"நேரா இருக்குதாப்பா?"

இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கண் கலங்கியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவும் இல்லை.

"நேராத்தான் இருக்குது. எறங்கு" என்றேன்.