யெத்தெர் என்றால் போதும்

நான்காவதும் பெண் என்று தெரிந்ததும் அப்பா இஸ்பந்தியார் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். மூத்த மூவருக்கும் லாலா, நர்கிஸ், பெனொவ்ஷா என்று பூப்பெயராகத் தேடி வைத்த மனுஷன், இவளுக்கு வைத்த பெயர் யெத்தெர். 'போதும்' என்று அர்த்தம். நம்மூர்ப் போதும்பொண்ணேதான். பெயர் பலித்துத் தொலைத்தது! மறு வருஷமே தம்பி பிறந்தான். அவனுக்கு முராத், அதாவது விருப்பம்.

பள்ளியில் வாத்தியார் "யெத்தெர்!" என்று கூப்பிட்டால் போதும், "அப்பாடா, போதுமாம்டா" என்று பையன்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரிப்பாள். உள்ளே எரியும்.

அக்காமார் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள். முராத் தலைநகர் பாக்கூவுக்குப் போனான். யெத்தெர் கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரான சாகத்தாலாவில் அப்பாவோடேயே தங்கிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், போதுமடா சாமி என்று, நஸ்ரீன் எனப் பெயரை மாற்ற மனு எழுதி வைத்தாள். அதுவும் பூப்பெயர்தான். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பத்து நாள் முன்புதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதுவும் எது என்கிறீர்கள்! தயிர்க்கஞ்சி மூன்று கரண்டி உள்ளே போகும். உடனே "யெத்தெர்" என்பார். அவள் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையாப்பா?" என்று ஒருநாள் வெடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முராத் வந்தான். அவள் முற்றத்து அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பா போதும்ங்கிறார்!"

"என்னத்தடா ஊட்டினே?"

"ஒண்ணும் ஊட்டலையே! இப்பத்தான் உக்காந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை, வாசலையே பாத்துக்கிட்டிருக்கார்."

ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அப்பா நல்ல கையை நீட்டி அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்துக்கொண்டார்.

"யெத்தெர்."

"என்னையா கூப்பிட்டீங்க? இத்தனை நாளும் என்னையேதானா? பாவி நான், உங்களைப் பட்டினி போட்டுட்டேனே!"

அழுகையும் சிரிப்புமாக ஊட்டினாள். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் "இருக்கேன்ப்பா" என்று இன்னொரு கரண்டி. அன்றைக்குக் கிண்ணம் காலியானது. இந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வந்தது அன்றுதான்.

மறுநாள் காலை முராத் கார்ச் சாவியை எடுத்தான்.

"பேர் மாத்தப் போகணும்னியே, கொண்டுபோய் விடட்டுமா?"

"போடா போக்கத்தவனே. நான் நஸ்ரீனாத் திரும்பி வந்தா, அவர் கூப்பிடறப்போ யாரு போறது?"

உள்ளே குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேன்ப்பா" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.