ஞாயிறு மாலை ஐந்து மணிக் கோடு

என் மனைவி திண்டுக்கல்லில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளர். ஒப்பந்தப் பணி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான் நாளிதழ் நிருபர். ஊர்ச் சாக்கடை பற்றி நிறையச் செய்தி எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சாக்கடையைச் சரியாகப் படித்தவள் அவள்தான்.

நீரில் உள்ள அழுக்கை எரித்துத் தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே சி.ஓ.டி. எண். எண் ஏறினால் அழுக்கு ஏறியிருக்கிறது. முன்பு வார நாட்களில் காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் நீர் எடுத்து, அமிலம் சேர்த்து, இரண்டு மணி நேரம் சூடாக்கிக் கணக்கிடுவார்கள். பிறகு, நீர் உள்ளே வரும் இடத்தில் தானியங்கி மீட்டர் பொருத்தினார்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தானே அளந்து திரையில் கோடு போடும். பொருத்திய அன்று அளவைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவள் என் மனைவி.

வாரம் முழுக்கக் கோடு சாதுவாகப் போனது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மட்டும் சுவர்போல எழுந்தது.

இத்தனை வருடத்தில் பார்க்காத எண் என்பதால் மீட்டர் பழுது என்று முடிவுகட்டினார் நிலையத்தின் பொறியாளர். அளவு தவறாகச் சரிபார்க்கப்பட்டதாக மேலிடத்துக்குக் கடிதமும் தயாரித்தார். அது போனால் அவளுடைய வேலையும் போய்விடும். அவள் ஞாயிறு மாலை தானே போய் நீர் எடுத்து, கையால் சோதித்துக் காட்டினாள். அதே எண்தான் வந்தது.

"அதுவும் நீங்க பண்ண டெஸ்ட்தானம்மா" என்றார் அவர்.

மீட்டர் கோளாறு என்றே ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடு என்று நான் யோசனை சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு மதியம் அவள் என்னைப் பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போனாள். சாப்பிட்டு முடித்ததும் கடைக்கார பாயிடம் அண்டாக்களை எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு மேலம்மா. ஞாயித்துக்கிழமைன்னா அம்புட்டு அண்டாவும் ஒண்ணா விழும். ஏன், கழுவ வாரீங்களா?"

அவள் சிரிக்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அந்தக் கொழுப்பும் எண்ணெயும் ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலிருந்தும் குழாய் வழியே நிலையத்தை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். யாரும் ஞாயிறு மாலையில் நீர் எடுத்ததில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பொறியாளரிடம் அதைச் சொன்னாள். அவர் நம்பாததால் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புரட்டாசி பொறக்கட்டும் சார். மீட்டர் கெட்டுப்போயிருந்தா அதுக்கு மாசம் தெரியாது."

கடிதம் மேசையிலேயே காத்திருந்தது.

புரட்டாசியின் முதல் ஞாயிறு, ஊரில் பாதி அடுப்புகளில் கறி ஏறவில்லை; கடைகளில் அண்டாக்கள் குறைந்தன. அன்று மாலை பொறியாளர் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வாசலருகே நின்றேன். ஐந்து மணி ஆனது. ஐந்தேகால். கோடு லேசாகத் தலைதூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆறு மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"நானே இந்த மாசம் கவுச்சி தொடலம்மா" என்றார். பிறகு கடிதத்தை இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியின் முதல் ஞாயிறு கோடு மீண்டும் சுவரானது. அதற்குள் அவளிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கியிருந்தார் பொறியாளர்: ஞாயிறுகளில், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்காகத் தொட்டிக்குக் காற்று செலுத்தும் இயந்திரங்கள் நான்கு மணிக்கே ஓட வேண்டும். கீழே அவள் கையெழுத்து. பணியும் புதுப்பிக்கப்பட்டது.

அந்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. பாய் கடையில் சாப்பிட்டுக் கைகழுவும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

"இது அஞ்சு மணிக்கு அங்க போயிரும்" என்றாள்.

நான் இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.