அடுத்த பக்கம் வரவே இல்லை

என் அலுவலக நண்பர் ஏகாம்பரத்துக்குக் கூடுவாஞ்சேரியில் பணி ஓய்வு விழா. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய மின்நூல் கருவியில் என் வாழ்த்துரையைப் படமாக ஏற்றிக்கொண்டு போனேன். திரையில் முதல் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. மேடையேறி வாசித்தேன். ‘இவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்’ என்பதோடு அந்தப் பக்கம் முடிந்தது. பொத்தானை எத்தனை முறை அமுக்கியும் அடுத்த பக்கம் வரவில்லை. நான் எழுதி வைத்திருந்ததும் பதற்றத்தில் மறந்துவிட்டது.

“இன்னா குணம்பா? சொல்லிடு!” என்றார் ஏகாம்பரம். கூட்டமே சிரித்தது, அவர் மனைவி மட்டும் முறைத்தார்.

இந்தக் கருவியில் சார்ஜ் தீர்ந்தாலும் கடைசியாகப் பார்த்த பக்கம் திரையில் அப்படியே நிற்குமாம். மகன் போனில் சாவகாசமாகச் சொல்கிறான்! முதலிலேயே சொன்னால் என்னவாம்?

மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மீதியைச் சொன்னேன்: “ஆபீசில் தன் சாப்பாட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பது.”

“எனக்கும் அதான் பிடிக்காது” என்றார் அவர் மனைவி.

இப்போதெல்லாம் நாலு பக்கம் புரட்டிப் பார்த்த பிறகே கருவியை நம்புகிறேன். மேடைப் பேச்சு மட்டும் காகிதத்தில்தான்.