வியாழக்கிழமை ஒன்பது பேர்

எஸ்னாட் டீச்சருக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் சாக்பீஸ் இரண்டாகும். அந்த வருடம் ஜூன் மாதத்தில் மட்டும் ஒரு பெட்டி சாக்பீஸ் துண்டு துண்டாகப் போனது. சிசேக்கா ஊரில் அந்த மாதம் நான்கு சாவு.

சாவு என்றால் அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. வயல் கிடையாது, சந்தை கிடையாது. உடல் வீட்டில் இருக்கும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது. பெண்கள் தலையில் மக்காச்சோள மாவும் விறகும் சுமந்துபோய் சாவு வீட்டுக்குள் உட்காருவார்கள், ஆண்கள் வெளியே மரத்தடியில். பிள்ளைகள் அம்மாக்கள் பின்னாலேயே போய்விடும். செத்தவரின் மகன் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டுமென்றால் இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும். அத்தனை நாளும் கரும்பலகையில் எழுதிய கணக்கு எழுதியபடியே இருக்கும். பதினோரு வருடமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பழகவில்லை.

எஸ்னாட் அந்த ஊர்க்காரி இல்லை. டோவா பக்கம் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு ஓர் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட, புருஷனோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடம் என்று சொல்லியிருந்தார்கள், வந்து பார்த்தால் ஒரு மாமரம். முதல் வருடம் பிள்ளைகள் விரலால் மண்ணில் எழுதினார்கள், கோழிகள் கிளறி அழித்தன. பிறகு செங்கல் அறை வந்தது. தகரக் கூரை வந்தது, மழை பெய்தால் அதற்கடியில் அவள் கத்துவது அவளுக்கே கேட்காது. அடிபம்பு, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, காலையில் சோயா கலந்த கஞ்சி. அறுபது பிள்ளைகள் இருநூற்று நான்கு ஆனார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னேற்றம்தான், எஸ்னாட் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த முன்னேற்றம் ஐந்தாம் வகுப்போடு முட்டிக்கொண்டு நின்றது.

அதற்கு மேல் படிக்க ஆற்றைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போகவேண்டும். போன வருடம் ஐந்து முடித்த பதினாலு பெண்பிள்ளைகளில் மூன்று பேர்தான் போகிறார்கள். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் தியாமிகே இருந்தாள். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, அடுத்தது எங்கே என்பது போல் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இங்கயே அடுத்த கிளாஸ் வந்தா படிக்கட்டும் டீச்சர். ஆத்தத் தாண்டியெல்லாம் அனுப்பமாட்டேன். முதலை இழுத்துட்டுப் போனா நீங்களா பெத்துக் குடுப்பீங்க?"

அறக்கட்டளை ஆறாம் வகுப்பு கட்ட ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. தலைநகர் லிலோங்வே அலுவலகத்திலிருந்து மூன்று தடவை ஆள் வந்து தலை எண்ணுவார். அதில் இரண்டு தடவையாவது பத்துக்கு எட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கவேண்டும். முதல் தடவை தேறியது. இரண்டாவது தடவை வந்த அன்று ஆட்டு வியாபாரியின் மாமியார் சாவு. மூன்றாவது, ஜூலையில் ஒரு வியாழக்கிழமை.

எஸ்னாட் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, அந்த ஒரு நாள் மட்டும். யாரு செத்தாலும் புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்க."

"என்னம்மா பேசறே? வியாழக்கெழம ஒருத்தரும் சாகக்கூடாதுன்னு தண்டோரா போடட்டுமா?"

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சாகறவங்க சாகட்டும். புள்ளைங்க எதுக்கு அங்க? அதுங்களா குழி வெட்டப்போகுது?"

"பொணம் வீட்டுல கெடக்கறப்ப பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சத்தம் கேட்டா, அந்த வீட்டுக்காரங்க என் மூஞ்சில துப்புவாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி போம்மா. எல்லாரும் கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்காங்க, யாரு சாகப்போறா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கூரை வேய்கிற லமெக் கிழவர் செத்துப்போனார்.

எஸ்னாட் வாயிலிருந்து முதலில் வந்தது, "எப்ப எடுக்கறாங்க?" என்பதுதான். கேட்டபிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மகன் ஜோகன்னஸ்பர்க்கில். வியாழக்கிழமை மதியம்தான் எடுப்பார்களாம்.

புதன்கிழமை அவளும் மாவு சுமந்துகொண்டுதான் போனாள். போகாமல் இருக்க முடியுமா? ஆறு வருடத்துக்கு முன் மலேரியாவில் அவள் புருஷன் போனபோது டோவாவிலிருந்து சொந்தம் வந்துசேர மூன்றாம் நாள் ஆனது. அதுவரை அவள் வாயில் சோறு ஊட்டியது இந்தப் பெண்கள்தான். குழி வெட்டியது இந்த ஆண்கள்தான். வெறும் மூடர்கள் என்று திட்டித் தீர்க்க முடிந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதுவும் முடியாததுதான் எரிச்சல்.

வியாழன் காலை ஏழரை மணிக்கு பள்ளிக்கூட மணியாக மாமரத்தில் தொங்கிய லாரிச் சக்கர வளையத்தின் முன்னால் இரும்புக் கம்பியோடு நின்றாள். உடல் இன்னும் வீட்டில் இருந்தது. அடித்தாள். ஒரு தடவை அடித்துப் பயந்தாள், பிறகு வந்த கோபத்தில் கை வலிக்கும்வரை அடித்தாள்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.

அறக்கட்டளை அலுவலர் கிளெமென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அந்த நாட்டுக்காரன்தான், இளவட்டம். வகுப்பு வகுப்பாகப் போய் இரண்டு தடவை எண்ணினான்.

"சாவுங்களா டீச்சர்?"

"சாவுதான். வாங்க தம்பி, என்கூட வாங்க."

விடுவிடுவென்று அவனைச் சாவு வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். வேலி ஓரமெல்லாம் பிள்ளைகள். தியாமிகே மடியில் தம்பியை வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எண்ணிக்கோங்க. ஒண்ணு கொறையாது."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? எங்கூர்லயும் இதேதான்." கையிலிருந்த, எண்ணிக்கையைப் பதிந்து அனுப்பும் கருவியைக் காட்டினான். "வகுப்பறையில் இருப்பவர்னு ஒரு கட்டம்தான் இதுல இருக்கு. சாவு வீட்டுல இருப்பவர்னு கட்டம் குடுக்கலையே."

"கட்டம் போட்டவங்கள ஒரு நாளாச்சும் சாவு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடியில் ஆண்களோடு போய் உட்கார்ந்தான். வந்துவிட்டு உட்காராமல் போனால் அவனுக்கும் மரியாதை இல்லை. அங்கே உட்கார்ந்தபடியே ஒன்பது என்று போட்டு அனுப்பினான்.

அடக்கம் முடிந்ததும் பெரியவர்கள் எஸ்னாட்டைக் கூப்பிட்டார்கள். பிணம் இருக்க மணி அடித்தால் ஓர் ஆடு அபராதம். தலைவர்தான் கை அமர்த்தினார்.

"விடுங்கப்பா. வெளியூர்க்காரி, தெரியாம அடிச்சுட்டா."

"தெரிஞ்சுதான் அடிச்சேன்," என்றாள் எஸ்னாட்.

"ஏம்மா இப்படிக் கோவப்படறே? அந்தக் கிளாஸ் அடுத்த வருஷம் வந்துட்டுப் போகுது."

"தியாமிகேவுக்கு ஏது தலைவரே அடுத்த வருஷம்? தம்பியத் தூக்கிட்டு வீட்டுல நிப்பா."

தலைவர் சமாதானமாக அவள் பக்கத்தில் வந்தார். "இங்க பாரு, நீ எங்க ஊரு பொம்பள. நாளைக்கு நீ செத்தேன்னு வையி, இந்த ஊர்ல ஒரு அடுப்பு எரியாது. கைக்கொழந்த மொதக்கொண்டு எல்லாரும் வந்து உக்காருவோம்."

மனசாரத்தான் சொன்னார். அதுதான் எஸ்னாட்டை அழவைத்தது.

"தெரியும் தலைவரே. நான் செத்தா எல்லாரும் வருவீங்க. நான் உசுரோட இருக்கறப்ப ஒரே ஒரு நாள் வாங்கன்னுதான் கேட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இருநூற்று நான்கு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கொண்டு போக ஆள் இல்லை.