டிரைவர் தட்டு

அப்பா சிதம்பரத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஓட்டினார். சுனாமிக்கு அடுத்த வருஷம் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இப்படியே போனால் கண்ணைப் பதம் பார்த்துவிடும், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டாத அப்பாவை எங்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

அம்மா அன்றே களத்தில் இறங்கினாள். தட்டில் பாதி காய்கறி, மீதியில் சரிபாதி சோறு, மிச்ச இடத்தில் பருப்போ மீனோ. வீட்டில் எல்லாருக்கும் அதே சட்டம். எங்கள் கடலூர் முதுநகர் மத்தி மீன் வறுபடாமல் நேரே குழம்புக்குள் போனது. உருளைக்கிழங்கு வறுவல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் விருந்தாளியாகிவிட்டது.

"எனக்கா சுகரு?" என்று நான் கத்தினேன்.

"வராம இருக்கத்தாண்டி" என்றாள்.

அப்பாவுக்குத் தினமும் டப்பா கட்டிக்கொடுத்தாள். டப்பா வழித்துத் துடைத்தாற்போல் திரும்பியது. சர்க்கரை மட்டும் இறங்குவேனா என்றது. ஒருநாள் பாகற்காய் பொரியல்கூட மிச்சமில்லாமல் வந்தது. ஜென்மத்தில் பாகற்காயைத் தொடாத மனுஷர்! அங்கேதான் அம்மாவுக்குப் பொறி தட்டியது.

அந்தக் கோடை லீவில் அம்மா அடுக்கு கேரியரோடு என்னையும் இழுத்துக்கொண்டு, கடலூரில் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறினாள். அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு நீளமாக ஹாரன் அடித்தார். எதிரே ஒரு மாடுகூட இல்லை.

நெடுஞ்சாலை ஓட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறையில் இலவசச் சாப்பாடு. திண்டிவனம் தாண்டி பஸ் நின்றதும் அம்மா நேரே அந்த அறைக்குள் போனாள். அப்பாவுக்கு இலை போட்டாகிவிட்டது. பரோட்டா மாஸ்டரே வந்து, "வாங்கண்ணே, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று பரிமாறிக்கொண்டிருந்தார். எண்ணெய் மினுங்கும் பரோட்டா, மேலே கோழிச் சால்னா. ஐயோ, அந்த வாசனை! பக்கத்தில் கண்டக்டர் மாமா எங்கள் வீட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, வாய் நிறையக் கீரையோடு எங்களைப் பார்த்து விழித்தார். அந்த மாதங்களில் அவர் மட்டும் எப்படித் தேறியிருந்தார் என்பது விளங்கியது.

அம்மா ஆடித் தீர்க்கப்போகிறாள் என்று நடுங்கினேன். அவளோ மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, இத்தினி நாளு உங்க கையால சாப்புட்டாரு. இன்னிக்கி நீங்க எங்க வூட்டு சாப்பாட்ட சாப்புடுங்க. இவருக்கு சுகரு ஜாஸ்தி. கண்ணு போச்சுன்னா வண்டியும் போச்சு."

எல்லாருக்கும் அவளே பரிமாறினாள். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, சுண்டல், மத்திக் குழம்பு. மாஸ்டர் அடையைப் பிட்டுக் கீரையோடு வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் இருக்கு தங்கச்சி. வூட்ல இன்னும் சொல்லல" என்றார். பிறகு கீரையை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி அண்ணனுக்குத் தானே காய் அவித்து வைப்பதாகவும் சொன்னார். அப்பா தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

பரோட்டா எனக்கு வந்தது. என் அம்மாவைப்போல் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்குக் காரணம் பரோட்டா.

சர்க்கரை மெல்ல இறங்கியது. அப்பா ஓய்வு பெறும் நாள்வரை ஸ்டியரிங்கை விடவில்லை. ஓட்டலுக்குப் போய்வந்த பிறகு அம்மா ஒன்றை மாற்றினாள். அப்பா எத்தனை மணிக்கு வந்தாலும் சூடு செய்து, எதிரே உட்கார்ந்து, அவரோடுதான் சாப்பிட்டாள். அப்பா திருட்டுத்தனம் செய்யக்கூடாதென்று காவல் இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஓட்டலில் அப்பாவுக்காக ஒரு மனுஷர் காத்திருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை மூடிவைத்த தட்டுதான் காத்திருந்தது. அம்மா அன்று அந்த அறையில் பார்த்தது அதைத்தான். என் கண் பரோட்டாவின் மேல் இருந்தது.